எண்ணிப் பார்ப்போம்!

கரியமில வாயுவில் எத்தனை பிணைப்புகள்? "நான்கு" என்று ஒப்பிக்கிறோம். ஏன் என்றால் விழிக்கிறோம். 1916-இல் லூயிஸ் காட்டிய புள்ளி முறையில் எண்ணுங்கள். மூன்று அணுக்களுக்கும் எட்டெட்டாகத் தேவை 24 எலக்ட்ரான்கள்; இருப்பவை 4+6+6=16. பற்றாக்குறை 8. பகிரும் எலக்ட்ரான் இருபுறமும் கணக்காவதால், எட்டைப் பகிர வேண்டும். இரண்டுக்கு ஒரு பிணைப்பு, ஆக நான்கு!

நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனை ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரன், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்றார். ரிச்சும் கிரிக்கும் 1955-இல் ஒன்றே என்றனர். மூவிழைச் சுருள் நிலைத்தது. பிணைப்புக் கணக்கில் ஒன்றே நின்றது. மேதையின் கணக்கையே உலகம் சரிபார்த்தது. நாம் மட்டும் விடையை நெட்டுருப் போடலாமா? எண்ணுதல் என்றால் சிந்தித்தலும்தானே!