இரண்டு ராஸ் தீவுகள், ஒரு நிபந்தனை

போர்ட் பிளேரில் 2018 டிசம்பர் 30 அன்று பிரதமர் நரேந்திர மோடி அந்தமானின் மூன்று தீவுகளுக்குப் புதுப் பெயர் அறிவித்தார். ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல், ஷஹீத் த்வீப் ஆனது. ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயர். கடலில் ஒன்றும் மாறவில்லை. மாறியவை வரைபடங்களும் அரசுப் பதிவேடுகளும்தான். ஆனால் அதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்தமானில் ராஸ் தீவுகள் இரண்டு. பெயர் மாறியது, பிரிட்டிஷார் தலைமையிடமாக வைத்திருந்த, தலைநகருக்கு எதிரே உள்ள ராஸ். வடக்கே திக்லிப்பூர் அருகில் ஸ்மித் தீவோடு மணல் திட்டால் இணைந்திருக்கும் ராஸுக்கு அந்த அறிவிப்போடு சம்பந்தமில்லை.

எஸ்.க்யூ.எல். கற்க வருபவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்காது. தீவுகளின் விவரங்கள் ஓர் அட்டவணையில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். தீவுக்கு ஒரு வரி. பெயர், மாவட்டம், மக்கள்தொகை என்று விவரத்துக்கு ஒரு பத்தி. 'அப்டேட் தீவுகள் செட் பெயர் = நேதாஜி தீவு' என்று கட்டளை கொடுத்து நிறுத்தினால், கம்ப்யூட்டர் முணுமுணுக்காமல் எல்லாத் தீவுகளையும் நேதாஜி தீவு ஆக்கிவிடும். 'வேர் பெயர் = ராஸ்' என்று சேர்த்தால் இரண்டு ராஸும் மாறும். மாவட்டம் தெற்கு அந்தமான் என்ற நிபந்தனையையும் சேர்த்தால்தான் சரியான தீவு மாறும். ஆங்கிலத்தில் 'எங்கே' என்று கேட்கும் அந்த 'வேர்' என்ற சொல், தமிழ்க் காதுக்குச் செடியின் வேராகக் கேட்பதும் பொருத்தமே. கட்டளை நிற்பது அதன் மேல்தான்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைத்துக் கையாளலாம் என்ற யோசனையை 1970இல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் அதற்கொரு மொழி அமைத்தார்கள். அதன் முதல் பெயர் சீக்வெல். அந்தப் பெயருக்கு வேறொரு நிறுவனம் உரிமை கொண்டாடியதால் எஸ்.க்யூ.எல். ஆகச் சுருங்கியது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு இதை ஏற்றது. வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு என்று பல இடங்களில் திரைக்குப் பின்னால் இன்று வேலை செய்வது இந்த மொழிதான்.

இதன் கட்டளைகளைச் சில வகைகளாகப் பிரிப்பது வழக்கம். முதல் வகை, அட்டவணையையே உண்டாக்குவது. கிரியேட் புதிய அட்டவணை போடும். ஆல்டர் அதன் அமைப்பை மாற்றும். ட்ராப் அட்டவணையையே தூக்கிவிடும். புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். 2006இல் வடக்கு மற்றும் மத்திய அந்தமான் என்ற மூன்றாவது மாவட்டம் உருவானது. இதற்கு ஆல்டர் தேவையில்லை. மாவட்ட அட்டவணையில் ஒரு வரி சேர்க்க இன்ஸர்ட், பிரிந்துபோன தீவுகளின் மாவட்டப் பத்தியைத் திருத்த அப்டேட், அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் கூடினால் ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தால் போதும். அட்டையின் வடிவத்தை யாரும் மாற்றுவதில்லை.

அதிகம் பயன்படுவது செலெக்ட். இது எதையும் மாற்றாது, இருப்பதைக் காட்டும். அதில் ஒரு பொறியும் உண்டு. வடக்கு சென்டினல் தீவில் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 39 பேர் என்றது. 2011 கணக்கெடுப்பு 15 பேர் என்றது. தீவில் கால் வைக்காமல் தூரத்திலிருந்து பார்த்து எழுதிய எண்கள் இவை. செலெக்ட் 15 என்று காட்டும். அது படகிலிருந்து பார்த்த 15 என்று காட்டாது. அதற்கென ஒரு பத்தி இருந்தால்தான் காட்டும். இதுபோலவே, ஒரு கட்டம் காலியாக இருப்பதும் அதில் பூஜ்யம் இருப்பதும் ஒன்றல்ல. காலி என்றால் தெரியாது. பூஜ்யம் என்றால் யாருமில்லை.

சென்டினல் தீவுக்குள் யாரும் போகக்கூடாது என்பது 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறையிலிருந்து வரும் தடை. அட்டவணைகளுக்கும் இப்படிக் காவல் உண்டு. கிராண்ட் அனுமதி கொடுக்கும், ரிவோக் பறிக்கும். படிக்க அனுமதி பெற்ற எழுத்தருக்குத் திருத்தவும் அனுமதி வேண்டும் என்பதில்லை.

அடுத்தது, பல கட்டளைகளை ஒரே மூட்டையாகக் கட்டும் வகை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நிகோபாரின் ட்ரிங்கட் தீவு மூன்று துண்டானது. அங்கிருந்தவர்கள் பக்கத்துக் கமோர்ட்டா தீவில் குடியேறினார்கள். ஒரு குடும்பத்தை ட்ரிங்கட் பட்டியலில் நீக்கி, கமோர்ட்டா பட்டியலில் சேர்க்க இரண்டு கட்டளைகள் வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அந்தக் குடும்பம் எந்தத் தீவிலும் இராது. அதனால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, இரண்டும் முடிந்தபின் கமிட் சொல்ல வேண்டும். இடையில் தவறினால் ரோல்பேக். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

கடைசியாக டெலீட். கற்றுக்கொள்ள எளிது. ஆனால் யோசிக்க வேண்டியதும் இதுதான். அதே சுனாமி கச்சால் தீவையும் கடுமையாகத் தாக்கியது. இலங்கையிலிருந்து திரும்பி, 1970களில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்தப்பட்ட தமிழர்களும் அங்கே இருந்தார்கள். அந்தமான் நிகோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 3,513 பேர் என்பது அரசுக் கணக்கு. ஆரம்பப் பட்டியல்களில் காணாமல் போனவர்கள் இன்னும் அதிகம். முகாம்களில் பலர் உயிரோடு இருப்பது தெரிந்தபின் எண்ணிக்கை குறைந்தது.

காணாமல் போனவர் இறந்தவர் அல்ல. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராகக் கொள்ளும். சுனாமிக்குப் பின் இந்தக் காத்திருப்பைத் தளர்த்திச் சான்றிதழ் தர வழி செய்தார்கள். அந்தச் சான்றிதழ் கேட்டு வரும் மனைவிக்கு முதலில் தேவை, கணவர் இங்கே வாழ்ந்தார் என்று சொல்லும் ஒரு வரி. ஆளைக் காணோம் என்று டெலீட் கொடுத்த பதிவேட்டில் அந்த வரி இராது. நிவாரணத்துக்கும் ஆதாரமில்லை, அவர் நாளை ஏதோ ஒரு முகாமில் கிடைத்தால் திருத்துவதற்கும் ஏதுமில்லை. இங்கே சரியான கட்டளை அப்டேட்: வரி இருக்கட்டும், 'நிலை' என்ற பத்தியில் 'காணவில்லை' என்று மாறட்டும்.

நிகோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 42,068, 2011இல் 36,842. கழித்துப் பார்க்கக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். அந்த இடைவெளியில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல, யாரோ அழிக்காமல் வைத்த வரிகள் வேண்டும்.