தண்டுவடத்தோடு மனமும் முறிகிறது

சாரம் சரிந்து விழுந்து தண்டுவடம் முறிந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவரைக் காண வலியசாலைக்குச் சென்றிருந்தேன். “கால் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள், தோழர், இரவில் தூங்கினாயா என்று ஒருவரும் கேட்பதில்லை” என்றார்.

கூலி, மணவாழ்வு, சிறுநீர்க் கட்டுப்பாடு அனைத்தும் ஒரே நாளில் கைவிட்டுப் போனவருக்கு, உளவியல் சிகிச்சையின்றி இயன்முறைப் பயிற்சியில் மனம் எவ்வாறு பற்றும்?

கேரளத்தில் பிறந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக முன்னின்றார். அவரது மன உறுதியைப் போற்றுவோர், அவர் திரும்பிச் செல்ல ஒரு தொழிலும் உடன் நிற்க ஒரு மருத்துவமனையும் இருந்தன என்பதை மறந்துவிடுகின்றனர். கூலித் தொழிலாளிக்கு அவை ஏது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், மறுவாழ்வுச் சேவையை அரசின் பொறுப்பாக்குகிறது. ஆனால் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்றொரு வாலும் அதில் ஒட்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் நான். அச்சொற்றொடருக்கு நேரான தமிழ், ‘பணமிருந்தால் பார்க்கலாம்’ என்பதே.

இயன்முறை மருத்துவர் பணியாற்றும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் உளவியல் ஆலோசகருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும். இக்கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டியவை கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களே.