ஏற்றுவது எஞ்சின், நிறுத்துவது டயர்

கல்வராயன் மலையில் பனி பொழிவதில்லை. வெள்ளிமலையில் மார்கழி விடியலில் பல் கிட்டிக்கும். எதிரே வரும் வண்டியின் விளக்குகூட மங்கும் அளவுக்கு மூடுபனி இறங்கும். ஆனால் தார்ச்சாலை மேல் பனிக்கட்டி படிவதில்லை. அதனால் குளிர்கால டயர் என்ற சரக்கைத் தேடிக் கள்ளக்குறிச்சியில் யாரும் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. ஆனாலும் பனிநாட்டுக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் இந்த மலைச்சாலைக்கு அப்படியே பொருந்தும். வண்டியை எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது வேறு, எத்தனை அடியில் அது நிற்கிறது என்பது வேறு.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாக மலையேறும் சாலையில் முன்பெல்லாம் அரசுப் பேருந்து, மரவள்ளிக்கிழங்கு லாரி, பிக்கப், பைக் இவைதான் அதிகம். இப்போது மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் விடுமுறைக் கூட்டம் வருகிறது. அந்தக் கூட்டத்தில் தார், ஜிம்னி, ஆல் வீல் டிரைவ் எக்ஸ்யூவி 700 எல்லாம் சகஜம். 2025 ஜூனில் டாடா கொண்டுவந்த ஹாரியர் மின்சாரக் காரின் ஆல் வீல் டிரைவ் மாடல் 6.3 நொடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும் என்கிறது கம்பெனி. ஒரு காலத்தில் அந்த வேகம் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கே உரியது. இப்போது குடும்பத்தோடு அருவி பார்க்கப் போகும் காரிலேயே அது இருக்கிறது.

இப்படிப்பட்ட காருக்கு இருபது, முப்பது லட்சம் கொடுப்பவருக்கு, ‘ஃபோர் பை ஃபோர் இருக்கு, மழை பெய்தா என்ன’ என்ற தைரியமும் கூடவே வந்துவிடுகிறது. ஆபத்து அந்தத் தைரியத்தில்தான் இருக்கிறது.

ஆல் வீல் டிரைவ் செய்வது ஒரே வேலை. எஞ்சினின் விசையை இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்குக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. சேற்றில் சிக்கினால் வெளியே வரலாம். ஈரமான ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்று திணறாமல் மேலே போகலாம். அந்த அளவில் அது அருமையான ஏற்பாடு. பிரேக் சங்கதி வேறு. எண்ணூறு சிசி கார் ஆனாலும் எண்பது லட்சம் ரூபாய் கார் ஆனாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. நிறுத்தும்போதும் கொண்டை ஊசி வளைவில் திருப்பும்போதும் ஆல் வீல் டிரைவ் வண்டிக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. சொல்லப்போனால், கூடுதல் ஷாஃப்டும் மோட்டாரும் சேர்ந்து எடைதான் ஏறியிருக்கிறது. அந்த எடை முழுவதையும் தரையோடு பிடித்துவைப்பது, உள்ளங்கை அகலத்தில் சாலையைத் தொடும் நான்கு ரப்பர்த் துண்டுகள்.

குளிர்நாடுகளுக்கு இது பழைய பாடம். பின்லாந்தின் நோக்கியன் கம்பெனி 1934-லேயே லாரிகளுக்கான குளிர்கால டயரைச் செய்தது. கார்களுக்கு 1936-ல் கொடுத்தது. கோடைக்கால டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பதியாமல் வழுக்கும். குளிர்கால டயர் கடுங்குளிரிலும் இளக்கமாக இருக்கும் கலவையில் செய்யப்படுகிறது. அதன் மேற்பரப்பில் துருத்தும் ரப்பர்ப் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் குளிர்காலத்தில் அந்த டயர் கட்டாயம். ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன குடும்பங்கள் பெருமளவில் வாழும் டொரோண்டோ, ஒன்டாரியோ மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால டயர் போட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணச் சலுகை தர வேண்டும் என்பது விதி. சட்டத்தில் பேசப்படுவதும் சலுகை பெறுவதும் டயர். ஆல் வீல் டிரைவ் இருப்பதால் டயர் வேண்டாம் என்று கியூபெக் சட்டம் யாரையும் விட்டுவிடவில்லை.

நம் நாட்டிலேயே பார்க்கலாம். 2024 டிசம்பர் கடைசி வாரத்தில் மணாலிக்கு மேலே, சோலங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் இடையே, கொட்டிய பனியில் ஆயிரம் வண்டிகள் அளவுக்குச் சிக்கிக்கொண்டன. அந்த நாட்களில் பரவிய வீடியோக்களில் ஃபோர் பை ஃபோர் வண்டிகளும் இறக்கத்தில் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் சறுக்கிப் போயின. இழுவைக்குக் குறை இல்லை. சாதாரண டயருக்கு அந்தப் பனியில் பிடிமானம் இல்லை.

கல்வராயனில் பனியின் இடத்தை எடுத்துக்கொள்வது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் சரிவிலிருந்து செம்மண் கரைந்து தார் மேல் சன்னமாகப் படியும். அதன் மேல் இலைச் சருகு ஒட்டும். 2024 டிசம்பர் முதல் நாட்களில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று உள்மாவட்டங்களைப் புரட்டியெடுத்தபோது ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட பெருமழைதான் வேண்டும் என்பதில்லை. நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலே போதும். சாலையில் ஊறிக்கிடந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து வழவழப்பாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த சமதளச் சாலையில், நல்ல டயரோடு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். சாலை ஈரமாகி, டயரும் தேய்ந்து, உராய்வு 0.7-லிருந்து 0.4-க்கு இறங்கினால் அதுவே 16 மீட்டர். பத்துக்கு ஒன்று சரிவில் இறங்கும்போது 21 மீட்டர். ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிக்கும் நேரம் இதில் சேரவில்லை. மலைச்சாலையில் 40 என்பது யாருக்கும் வேகமாகவே தெரியாது. வளைவைத் தாண்டியதும் மாடு நின்றால், அந்தப் பன்னிரண்டு மீட்டர் வித்தியாசத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே கல்வராயன் பக்கம் ஓட்டுபவர் டயர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஈரத்தில் பிடிக்கிறதா என்பதைத்தான். வழக்கமாக முதலில் பார்க்கப்படுவது தோற்றம். தார் வண்டி வாங்கிய கையோடு கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த மண்பாதை டயரை மாட்டுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உழுத வயலில் நன்றாகப் போகும். அந்தப் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் அகல இடைவெளியால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது. ஈரத் தாரில் அது சாதாரணச் சாலை டயரைவிட மோசமாகவே பிடிக்கும். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை தார்ச்சாலையிலேயே போய்வருபவருக்கு அது எதற்கு? இன்னொரு கூட்டம் பெரிய அலாய் வீலும் அகலமான பட்டை டயரும் போடுகிறது. அகலம் கூடினால் தண்ணீரைப் பிளந்து வெளியேற்றுவது கடினம். பக்கச்சுவர் குறுகினால் பள்ளத்தில் விழும்போது ரிம்தான் அடி வாங்கும். கம்பெனி சொன்ன அளவே போதும். வெளிநாட்டில் வேகக் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்துக்கு ஓர் அங்குலம் சின்ன ரிம்மும் ஒடுக்கமான டயரும் மாட்டிக்கொள்வது வழக்கம்.

ஆல் வீல் டிரைவ் வண்டிக்குத் தனியாக ஒரு நிபந்தனை உண்டு. நம்மூர்ப் பழக்கம் அதற்கு நேர் எதிர். ஒரு டயர் கிழிந்தால் ஒன்றை மட்டும் மாற்றுவோம். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள புது டயர் ஒரு கிலோமீட்டருக்கு 455 சுற்று சுற்றும். பட்டன் 4 மி.மீ. தேய்ந்த டயர் 460 சுற்று. இந்த ஐந்து சுற்று வித்தியாசத்தை, எப்போதும் நான்கு சக்கரத்தையும் சேர்த்தே இயக்கும் வண்டியின் கியர் அமைப்பு ஓயாமல் சமாளிக்க வேண்டியிருக்கும். நாளடைவில் அது சூடேறிப் பழுதாகும். அந்தச் செலவு நான்கு டயரின் விலையைத் தாண்டும். ஒரே மாடல், ஒரே தேய்மானம், நான்கும் சேர்த்து மாற்றுவது என்பதுதான் இந்த வண்டிகளுக்குச் சரி. சிறிய அளவு ஸ்டெப்னி தந்திருந்தால், பஞ்சர் கடை வரைக்கும்தான் அது.

தேய்மானத்தைப் பார்க்கத் தனி ஆள் வேண்டாம். டயரின் நீள்பள்ளத்துக்குள் விரலை ஓட்டினால் இடையிடையே சின்ன ரப்பர் மேடு தட்டும். அது 1.6 மி.மீ. உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அந்த டயரோடு கார் சாலைக்கே வரக் கூடாது. மலைக்கு அந்த 1.6 போதாது. புது டயரில் 8 மி.மீ. அளவுக்கு இருக்கும் பட்டன் 3 மி.மீ.க்கு வந்ததுமே, ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த டயரோடு மழையில் மலை இறங்குவது, ரப்பர் போன செருப்போடு பாசி பிடித்த கிணற்றுப் படியில் இறங்குவது போல. காற்றும் முக்கியம். நாசா பொறியாளர்கள் 1960-களில் வகுத்த சூத்திரப்படி, 32 பவுண்டு காற்றுள்ள மொட்டை டயர் தேங்கிய தண்ணீரில் 94 கி.மீ. வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 22 பவுண்டாக இறங்கினால் 78-லேயே மிதக்கும். உளுந்தூர்பேட்டை–சேலம் நெடுஞ்சாலையில் 78 என்பது எல்லோரும் போகும் வேகம்.

இவ்வளவு பொறுப்பையும் வாங்குபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஈரப் பிடிமானத்துக்கு இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் அது தேறியதா, தேறவில்லையா என்ற கணக்கு. ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயரிலும் ஈரப் பிடிமானத்தின் தரவரிசையை எழுத்தில் ஒட்டுகிறார்கள். முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 80 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும் தூரம் 18 மீட்டர் வரை வேறுபடலாம். அந்த எழுத்து கள்ளக்குறிச்சிக் கடையில் அடுக்கியிருக்கும் டயரிலும் இருக்க வேண்டும். நம்மூரில் டயருக்குக் கிடைக்கும் நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்தைச் சொல்வது. அதைப் பார்த்து ஈரத்தில் பிடிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எம்ஆர்எஃப், அப்போலோ, ஜேகே, மிஷ்லின் என்று பெரிய ஆலைகள் எல்லாம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதிக்க மத்திய அரசின் ஆய்வு மையமே இருக்கிறது. சோதித்துச் சொல்ல வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சுற்றுலாக் காருக்காவது டயர் மாற்றப் பணம் இருக்கிறது. கிழங்கு ஏற்றி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கும் மலைவாசியின் பிக்கப்புக்கு? 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, இந்த மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை வசதியும் அதில் பேசப்பட்டது. சாலை வரட்டும், வந்தே ஆக வேண்டும். மண்பாதையில் 15 கி.மீ. வேகத்தில் உருண்ட வண்டி புதுத் தாரில் 40-ல் இறங்கும். டயர் அதே பழைய டயராகத்தான் இருக்கும். வண்டியின் பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அபராதச் சீட்டு எழுதினால் அந்த வண்டிக்காரர் புது டயர் வாங்கிவிட மாட்டார். பழங்குடியினருக்கான லேம்ப் கூட்டுறவுச் சங்கங்கள் உரத்துக்கும் விதைக்கும் கடன் தருவதுபோல, அறுவடைக்குப் பிறகு கட்டும் தவணையில் டயருக்கும் தரலாம்.

இன்னொரு கோரிக்கை உண்டு, அதற்குப் புதுச் சட்டமும் தேவையில்லை. புரட்டாசி கடைசியில் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில் ஒன்று, சேலம் பக்கம் கருமந்துறை ஏறும் வழியில் ஒன்று என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் முகாம் போடலாம். பட்டன் ஆழத்தை அளக்கும் கருவி சட்டைப் பைக்குள் அடங்கும்; விலையும் சொற்பம். முதல் நாள் அரசுப் பேருந்துகளை அளக்கட்டும். அதன் பிறகு முப்பது லட்ச ரூபாய்க் காரை நிறுத்திக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க முடியாது.