காசு போட்டா ஓடணும்!

அரக்கோணம் ஜங்ஷன்ல வண்டி மாறிப் பழகின அப்பா, அம்மாகிட்ட எடை மெஷினைப் பத்திக் கேட்டுப் பாருங்க. மேல ஏறி நின்னா கலர் லைட் மின்னும், சக்கரம் சுத்தும். அது நின்னதும் ஒரு ரூபாய் போடணும். பழைய ரயில் டிக்கெட் மாதிரி கெட்டி அட்டை ஒண்ணு விழும். அதுல எடை, சினிமா ஸ்டார் படம், கூடவே ஜோசியம். எடையை யார் பார்த்தா? ஜோசியம்தான் முதல்ல!

இப்போ அந்த மெஷினைப் பார்ப்பதே அபூர்வம். "மியூசியத்துல வெச்சிடலாமே" என்பீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் என்றால் எனக்குச் சம்மதமில்லை. காசு போட முடியாத காசு மெஷின் வெறும் பீரோ.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 'மியூசே மெக்கானிக்' என்று ஓர் இடம். ஜோசியம் சொல்லும் பொம்மையிலிருந்து ஆர்கேட் கேம் வரை 300 பழைய மெஷின்களுக்கு மேல். நுழைவுக் கட்டணம் கிடையாது. நீங்களே காசு போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஓடவைக்கணும்னா ரிப்பேர் தெரிந்த ஆள் வேணும். அதனால மெஷினோடு அந்த வித்தையும் பிழைக்கிறது.

நமக்கு இங்கே என்ன வேலை? நிறையவே இருக்கு. காசின் விட்டமும் எடையும்தான் இதுக்குச் சாவி. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே அலெக்சாண்டிரியாவின் ஹீரோன் இப்படி ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்: காசு நெம்புகோலில் விழும், வால்வு திறக்கும், தீர்த்தம் வரும், காசு சரிந்ததும் மூடிக்கொள்ளும். ஆமாங்க, கோயிலுக்கான மெஷின்தான். நம்ம ஊர்ல 2011-ல் ஒரு ரூபாய் 25 மி.மீ.-லிருந்து 22-க்குச் சுருங்கியது, எடை 4.85 கிராமிலிருந்து 3.79. பழைய காசுக்கு அளவெடுத்த மெஷினுக்கு இது வேற காசு. ரெண்டையும் ஏற்கிற மாதிரி அந்தப் பாதையை மாத்த முடியுமா? அருமையான மினி புராஜெக்ட். லைன் ஃபாலோவர் ரோபோவையே இன்னும் எத்தனை பேட்ச் செய்யப் போறோம்?

காயலான் கடைக்குப் போகும் மெஷின் ஒன்றை வாங்கி, மெக்கானிக்கலும் இசிஇ-யும் சேர்ந்து ஓடவைத்து, லேப் வாசலில் நிறுத்தலாம். கியூஆர் ஒட்டிடலாம்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். வேண்டாம் பாஸ், காசு விழுற சத்தம் போயிடும். ஜோசிய வாசகம் எழுதுற வேலையைத் தமிழ் மன்றத்துக்கு விட்டுடலாம். அரியர் பத்தி மட்டும் எழுதாம இருந்தா சரி.