சான்றிதழ்கள் பெருகுகின்றன, முன்பள்ளி ஆசிரியைக்கான பயிற்சி எங்கே?

கிழக்கின் கரையோரக் கிராமமொன்றில் இருபது ஆண்டுகளாக முன்பள்ளியொன்றை நடத்திவரும் ஆசிரியை ஒருவர், அண்மையில் எம்மைச் சந்தித்தபோது தமது கோவையொன்றைத் திறந்து காட்டினார். அதற்குள் பதினொரு சான்றிதழ்கள் இருந்தன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அப்பகுதிக்கு வந்த தொண்டு நிறுவனமொன்றின் மூன்று நாள் செயலமர்வு தொடக்கம், தனியார் நிறுவனமொன்று ஆறு மாதங்களில் வழங்கிய டிப்ளோமா வரை அனைத்தும் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. "இவ்வளவும் இருக்கிறது சேர். ஆனால், நான்கு வயதாகியும் வாய் திறந்து பேசாத பிள்ளையொன்று என் வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இவற்றில் ஒன்றிலும் சொல்லித் தரவில்லையே. நல்ல பயிற்சியொன்றை எங்கே போய்ப் பெறுவது?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு உடனடியாகப் பதிலளிக்க எம்மால் இயலவில்லை. பயிற்சிகள் இல்லாத நாடல்ல இது. அவ்வாறிருந்தும், அனுபவமும் ஆர்வமும் நிறைந்த ஓர் ஆசிரியை தமக்கு வேண்டிய பயிற்சியைக் கண்டுகொள்ள முடியாமல் இருப்பாராயின், குறை எங்கே உள்ளது என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

எவருக்கும் முழுப் பொறுப்பில்லாத துறை

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி குறித்து நாம் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. எனினும் ஐந்து வயதில் தரம் ஒன்றுக்குள் பிரவேசிக்கும் வரையிலான ஆண்டுகள் இன்றுவரை அந்தக் குடையின் கீழ் முழுமையாக வரவில்லை. கட்டாயக் கல்வி ஐந்து வயதிலேயே ஆரம்பமாகின்றது. அதற்கு முந்திய கல்வியைப் பெரும்பாலும் தனியாரும், உள்ளூராட்சி மன்றங்களும், கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும், மாதர் சங்கங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களுமே சுமந்து வருகின்றன. நாடளாவிய ரீதியில் 19,000க்கும் அதிகமான முன்பள்ளிகள் 2016 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் பதிவாகின. இவற்றில் கற்பிப்போர் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் அடங்குவதில்லை. தரம் ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியைக்கு நியமனக் கடிதமும், சம்பள அளவுத்திட்டமும், ஓய்வூதியமும் உண்டு. அதே பிள்ளைக்கு ஓராண்டுக்கு முன்னர் கற்பித்தவருக்கு இவற்றில் எதுவுமில்லை.

நிர்வாக ரீதியிலும் இத்துறை பல கைகளில் சிதறிக் கிடக்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்வது மாகாணங்களுக்குரிய விடயமாகும். சிறுவர் செயலகம் கொழும்பிலிருந்து கொள்கை வகுக்கின்றது. முன்பிள்ளைப்பருவப் பராமரிப்பு, அபிவிருத்தி தொடர்பான தேசியக் கொள்கை 2004 இல் வகுக்கப்பட்டு, 2018 இல் திருத்தியமைக்கப்பட்டது. கொள்கை இருந்தும், அதனைத் தமிழ் பேசும் மாகாணங்களில் நடைமுறைப்படுத்த வேண்டிய சபைகளோ செயலிழந்தன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலும், வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இலும் நிறைவடைந்த பின்னர், தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் பல கழிந்தன. தமது பயிற்சி குறித்தோ வேதனம் குறித்தோ கேள்வி எழுப்புவதற்கு, மக்களால் தெரிவு செய்யப்பட்ட மாகாண உறுப்பினர் ஒருவரேனும் இல்லாத நிலையிலேயே ஆசிரியைகள் அக்காலத்தைக் கடந்தனர்.

இருக்கின்ற வழிகள்

இன்று ஓர் ஆசிரியைக்கு முன்னால் உள்ள பயிற்சி வழிகளைச் சுருக்கமாக நோக்குவோம். முதலாவது, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கல்விக் கற்கைநெறிகளாகும். இவை தமிழ் மொழியிலும் நடத்தப்பட்டு வந்துள்ளன. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி ஆகிய இடங்களில் அப்பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் இருப்பது, தொழிலை விட்டு விலகாமல் கற்க விரும்புவோருக்குப் பெரும் வாய்ப்பாகும்.

இரண்டாவது, தேசிய தொழிற் தகைமைத் திட்டமாகும். ஏழு மட்டங்களைக் கொண்ட இத்திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியருக்கான நான்காம் மட்டச் சான்றிதழ் உண்டு. இதிலுள்ள ஒரு வசதியை எம்மவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை. நீண்டகாலம் ஒரு தொழிலில் ஈடுபட்டு வந்தவர்கள், தமது அனுபவத்தைச் சான்றுகளோடு முன்வைத்து, மதிப்பீட்டாளர் முன்னிலையில் திறனை நிரூபிப்பதன் மூலமும் இத்தகைமையைப் பெற இத்திட்டம் இடமளிக்கின்றது. இருபது ஆண்டுகள் பிள்ளைகளோடு வாழ்ந்த ஆசிரியை, புதிதாகத் தொழிலுக்கு வரும் யுவதியைப் போன்று முதலாவது பாடத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மாகாண மட்டத்தில் நடத்தப்படும் பயிற்சிகளாகும். நான்காவது, தனியார் நிறுவனங்களின் டிப்ளோமாக்களாகும். 1944 இல் மரியா மொண்டிசோரி அம்மையார் நேரில் வந்து பயிற்சி வழங்கிய நாடு இது. அவரது முறையை உரிய ஒழுங்கில் கற்பிக்கும் நிலையங்களும் உண்டு. அவரது பெயரைப் பலகையில் மட்டும் எழுதிவைத்து, சனி, ஞாயிறு தினங்களில் குறிப்புகளைச் சொல்லி எழுதுவித்துப் பட்டமளிப்பு விழா நடத்தும் நிலையங்களும் உண்டு. ஐந்தாவது, அரசசார்பற்ற நிறுவனங்களின் குறுகியகாலச் செயலமர்வுகளாகும். நிதி உள்ளவரை அவை நடைபெறும். திட்டம் முடிவடைந்ததும் வளவாளர்களும் போய்விடுவர்.

செயலமர்வும் வகுப்பறையும்

பயிற்சியின் தரத்தை நிர்ணயிப்பது அதன் பெயரோ, கட்டணமோ, மண்டபமோ அல்ல. ஆசிரியை தமது வகுப்புக்குத் திரும்பிய பின்னர் அங்கே என்ன மாற்றம் நிகழ்கின்றது என்பதே அதனைத் தீர்மானிக்கின்றது. ஆசிரியர் பயிற்சி தொடர்பில் உலகின் பல பாகங்களிலும் நடைபெற்ற ஆய்வுகள் திரும்பத் திரும்ப வலியுறுத்தும் உண்மையும் இதுவேயாகும். மண்டபத்தில் கேட்ட விரிவுரை மட்டும் கற்பித்தலை மாற்றுவது அரிது. அனுபவமிக்க ஒருவர் வகுப்பில் வந்து அமர்ந்து, கவனித்து, பின்னர் ஆசிரியையோடு பேசி, சில வாரங்களின் பின் மீண்டும் வந்து பார்க்கும்போதே கற்றது கைவருகின்றது.

இதற்கு எமது சூழலிலேயே உதாரணம் உண்டு. விளையாட்டின் மூலமே சிறுபிள்ளை கற்கின்றது என்பதை எந்தச் செயலமர்விலும் முதல் மணித்தியாலத்திலேயே கூறிவிடுகின்றனர். அதனை ஆசிரியைகளும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் திங்கட்கிழமை காலையில் தாயொருவர் வாசலில் நின்று, "பக்கத்து முன்பள்ளியில் பிள்ளைகள் உயிரெழுத்து முழுவதும் எழுதுகிறார்கள். இங்கே ஏன் இன்னும் மண் விளையாட்டு?" என்று கேட்கும்போது, ஆசிரியையிடம் பதில் இல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மீதும் விழுந்துள்ள சமூகம் எமது சமூகம். பென்சிலைப் பிடிக்கும் அளவுக்கு விரல்களின் தசைகள் இன்னும் உறுதிபெறாத பிள்ளையிடம் எழுத்துக்கொப்பியைத் திணிப்பது தவறு என்பதைப் பெற்றோருக்கு எவ்வாறு விளக்குவது? மண்ணைப் பிசைவதும், மணிகளைக் கோப்பதும், கதை கேட்பதும் பிற்கால எழுத்துக்கும் வாசிப்புக்குமான ஆயத்தம் என்பதை அவர்கள் நம்பும்படி எடுத்துரைப்பது எப்படி? இவற்றைக் கற்பிக்காத பயிற்சி, வாசலில் நிற்கும் அந்தத் தாயின் முன்னால் தோற்றுவிடுகின்றது.

பேசாத பிள்ளையின் விடயமும் அத்தகையதே. ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்பிலிருந்து வழங்கப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில், எந்த வயதில் எத்தகைய வளர்ச்சி எதிர்பார்க்கப்படுகின்றது என்பது குறிக்கப்பட்டுள்ளது. அதனைப் பெற்றோரோடு அமர்ந்து வாசிக்கவும், பிரதேசக் குடும்பநல உத்தியோகத்தரோடு தொடர்புகொள்ளவும், செவிப்புலன் பரிசோதனைக்கும் பேச்சு சிகிச்சைக்கும் வழிப்படுத்தவும் ஆசிரியைக்குத் தெரிந்திருந்தால், ஆண்டுகள் வீணாவதைத் தவிர்க்க முடியும். பதினொரு சான்றிதழ்களில் ஒன்றிலேனும் இது இடம்பெறாமற் போனமை, அப்பயிற்சிகளைத் திட்டமிட்டவர்கள் ஆசிரியையின் தேவையைக் கேட்டறியவில்லை என்பதையே காட்டுகின்றது.

மொழியும் தூரமும்

தமிழ் பேசும் ஆசிரியைகளுக்கு வேறு சில இடர்களும் உண்டு. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தயாரிக்கப்பட்டு, அவசரத்தில் மொழிபெயர்க்கப்பட்ட கைந்நூல்களின் தமிழ், பல வேளைகளில் வாசிப்போருக்கு விளங்குவதில்லை. அதிலுள்ள பாடல்களும் கதைகளும் எமது பிள்ளைகளின் நாவுக்கு அந்நியமானவை. அத்துடன், தமிழில் எழுதப்பட்டால் போதுமானது என்றும் கருதிவிட முடியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வீட்டுப் பேச்சும், காத்தான்குடிப் பிள்ளையின் வீட்டுப் பேச்சும், தலவாக்கலைத் தோட்டத்துப் பிள்ளையின் வீட்டுப் பேச்சும் ஒன்றல்ல. உம்மா என்றும் வாப்பா என்றும் அழைத்து வளரும் பிள்ளை, தன் வீட்டுச் சொல் வகுப்பில் பிழையாகக் கருதப்படுவதை உணர்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். பிள்ளையின் வீட்டுமொழியை மதித்து, அதிலிருந்து பொதுத்தமிழுக்கு அழைத்துச் செல்லும் திறமை தானாக வருவதில்லை. அதுவும் பயிற்றப்பட வேண்டியதே.

கொழும்பில் வாரக்கணக்கில் தங்கியிருந்து பயில வேண்டிய கற்கைநெறிகள், குடும்பப் பொறுப்புள்ள பெண்களுக்கு, குறிப்பாகக் கிராமத்து முஸ்லிம் ஆசிரியைகளுக்கு, எட்டாக்கனியாகவே இருக்கின்றன. மலையகத்தின் நிலை இன்னும் சிக்கலானது. தாய்மார் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்றே பிள்ளை மடுவங்கள் தோன்றின. 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், அவற்றைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றுவதற்கு முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. 2015 இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலரை ஒதுக்கிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்திலும் தோட்டப்புறங்கள் சேர்க்கப்பட்டன. எனினும், பராமரிப்பையும் கல்வியையும் ஒருங்கே வழங்க வேண்டிய அந்த உத்தியோகத்தர்களுக்குத் தொடர்ச்சியான பயிற்சி இல்லாவிடின், கட்டடம் மட்டும் புதிதாக இருந்து பயனில்லை.

வேதனமின்றிப் பயிற்சி நிலைக்காது

2025 இல் தனியார்துறை ஊழியர்களுக்கான மாதாந்தக் குறைந்தபட்ச வேதனம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிராமப்புற முன்பள்ளி ஆசிரியைகள் பலர் அதற்கு வெகு கீழான தொகையையே, பெற்றோர் செலுத்தும் கட்டணத்திலிருந்தும் சிறு கொடுப்பனவுகளிலிருந்தும் பெறுகின்றனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் முன்பள்ளிகள் மூடப்பட்டபோது கட்டண வருமானமும் நின்றுபோனது. போருக்குப் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியைகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் சேர்க்கப்பட்டு, ஏனையோரைவிடப் பன்மடங்கு வேதனம் பெற்றதை வாசகர்கள் அறிவர். பாலர் கல்வி பாதுகாப்புத் துறையின் கீழ் வரலாகாது என்ற கண்டனம் நியாயமானது. எனினும், அவ்வாசிரியைகள் ஏன் அங்கே சென்றார்கள் என்பதற்குக் கல்வித்துறையும் மாகாண நிர்வாகமும் பதில் கூறியாக வேண்டும். அவர்களுக்கு வாழக்கூடிய வேதனத்தை வேறெவரும் வழங்க முன்வரவில்லை.

இந்நிலையில், பயிற்சிக்குச் செல்லும் ஆசிரியை அன்றைய வருமானத்தை இழக்கின்றார். பஸ் கட்டணத்தையும் பாடநெறிக் கட்டணத்தையும் தாமே செலுத்துகின்றார். கற்று முடித்துத் திரும்பிய பின்னரும் வேதனம் ஒரு ரூபாவேனும் கூடுவதில்லை. திறமையைப் பெற்றவர்கள் ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிடுவதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியவை

பயிற்சியைத் தேடும் ஆசிரியைகளும், அவர்களை அனுப்பும் ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், பணம் செலுத்துவதற்கு முன்னர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. நிறுவனமும் கற்கைநெறியும் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா? பிள்ளைகளோடு நேரடிக் கற்பித்தற் பயிற்சி எத்தனை நாட்கள் உண்டு? அதனை யார் வந்து அவதானிப்பார்? கற்பிக்கும் வளவாளர் முன்பள்ளியொன்றில் பணியாற்றியவரா? பாடமும் மதிப்பீடும் தமிழிலேயே நடைபெறுமா? கற்கை முடிந்த பின்னர் எவரேனும் வகுப்புக்கு வந்து பார்ப்பார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், அழகிய சான்றிதழ் மட்டுமே கிடைக்கும்.

அரசாங்கமும் மாகாண நிர்வாகங்களும் செய்யக்கூடியவை பெரும் நிதியை வேண்டுபவையல்ல. ஒவ்வொரு மாகாணமும், தனது எல்லைக்குள் தமிழில் நடைபெறும் தரமான கற்கைநெறிகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடலாம். அனுபவமிக்க ஆசிரியை ஒருவரை அயலிலுள்ள பத்து அல்லது பதினைந்து முன்பள்ளிகளுக்கு வழிகாட்டியாக நியமித்து, அவருக்கு உரிய கொடுப்பனவை வழங்கலாம். தமிழ் மொழிமூல மதிப்பீட்டாளர்களின் எண்ணிக்கையை அதிகரித்து, நீண்டகால அனுபவமுடையோர் தொழிற் தகைமையைப் பெறும் வழியை இலகுவாக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தகைமை பெற்றவரின் கொடுப்பனவு உயர்த்தப்பட வேண்டும்.

எம்மிடம் வந்த ஆசிரியைக்கு, தொழிற் தகைமை மதிப்பீட்டைப் பற்றியும் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தைப் பற்றியும் கூறினோம். பிள்ளையின் பதிவேட்டோடு தாயை அழைத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரைச் சந்திக்குமாறும் சொன்னோம். ஒரு பத்திரிகையாளரிடம் கேட்டு அறிய வேண்டிய விடயங்களல்ல இவை. அவற்றை அவருக்குக் கூறும் கடமை வேறு பலருக்கு இருந்தது, இப்போதும் இருக்கின்றது.