ராத்திரிச் சாட்சி

என் பேரனுக்கு இப்போது ஏழு வயது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் இரண்டு வயதிலிருந்தே அவனுக்கு ராத்திரிப் படுக்கை எங்களோடுதான். எனக்கும் வீட்டம்மாவுக்கும் நடுவில் படுத்து, ஒரு காலைத் தூக்கி என் வயிற்றில் போட்டுக்கொண்டு தூங்குவான். கூடவே குறட்டை. சின்னப் பிள்ளைக் குறட்டை இல்லை, மாவு மில் ஓடுகிற சத்தம். “தாத்தா மாதிரியே விடுதான் பாருங்க” என்று ஆச்சிக்குப் பெருமை. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். பிள்ளை நல்லா அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டோம்.

போன வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வர ஆரம்பித்தது. ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், பென்சிலைக் கடிக்கிறான், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். 36 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் வீட்டுப் பிள்ளை மேல் புகாரா? தினமும் சாயங்காலம் அவனை உட்கார வைத்து உபதேசம் செய்தேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டான். அந்தத் திறந்த வாயையும் நான் கவனிக்கவில்லை.

தீராத சளிக்காக மகள் அவனைப் பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டர் மூக்கில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, “ராத்திரி இவன் பக்கத்துல யார் படுக்கிறது?” என்று கேட்டார். மகள் என்னைக் கை காட்டினாள். குறட்டை உண்டா? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறானா? மூச்சு கொஞ்ச நேரம் நின்று, திடீரென்று விக்கி இழுக்கிறானா? தலை வேர்க்குமா? பாயை நனைப்பானா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் தினமும் பார்த்ததுதான். யாரிடமும் சொல்லத்தான் தோன்றவில்லை.

மூக்கின் பின்பக்கம், அண்ணத்துக்கு மேலே, அடினாய்டு என்று ஒரு சதை இருக்கிறது. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும்தான் அதன் ஆட்டம். வளரிளம் பருவத்தில் தானே சுருங்கிவிடும். அது வீங்கி வழியை அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும். படுத்தால் தொண்டையும் தளர்ந்து, மூச்சு தடைபடும். மூளை பதறி எழுப்பும், மறுபடி தூங்கும், மறுபடி எழுப்பும். பிள்ளை கண்ணை விழிப்பதில்லை, ஆனால் ஆழ்ந்த தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. வளர்ச்சிக்கான ஹார்மோன் அதிகம் சுரப்பது அந்த ஆழ்ந்த தூக்கத்தில்தான். தூக்கம் கெட்டால் நாம் மறுநாள் சாய்வு நாற்காலியில் தூங்கி விழுவோம். சின்னப் பிள்ளை அப்படி இல்லை. துறுதுறுவென்று ஆடும், எரிச்சல்படும், கிள்ளும். நாம் அதைச் சேட்டை என்போம்.

வாய் எந்நேரமும் திறந்தே இருந்தால் நாக்கு அண்ணத்தைத் தொடாமல் கீழே கிடக்கும். வளருகிற வயதில் அப்படியே இருந்தால் மேல் அண்ணம் குறுகி உயர்ந்து, பல் நெருக்கியடித்து முன்னால் தள்ளுமாம். விரல் சூப்புவதிலும் பல்லுக்கு வரும் கேடு ஏறத்தாழ இதே மாதிரிதான். நம் வீட்டு ஆச்சிகள் வேப்பெண்ணெய் தடவி அதை நிறுத்தினார்கள். பல பிள்ளைகள் நான்கு வயதுக்குள் தானாகவே விட்டுவிடும். விரல் சூப்பினால் வேப்பெண்ணெய் தேடுகிற நாம், குறட்டை விட்டால் சிரிக்கிறோம்.

டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பேரன் ஞாபகம் இல்லை. 1987-ல் சேரன்மகாதேவிப் பக்கம் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, எப்போதும் வாய் திறந்தபடி. பிள்ளைகள் அவனை வாய்பொளந்தான் என்று கூப்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் முழிப்பான். பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். பிரம்பாலும் அடித்திருக்கிறேன். ஒரு நாள் அவன் அம்மா வயல் வேலையிலிருந்து அப்படியே வந்து நின்றாள். “ராத்திரியெல்லாம் கொர்ரு கொர்ருன்னு இளுக்கான் சார். பாயையும் நனைச்சிருதான். காலைல எந்திரிக்கவே மாட்டேங்கான்” என்றாள். நான் சிரித்துவிட்டு, “அப்போ பகல்ல முழிச்சிருக்கச் சொல்லும்மா” என்றேன். பக்கத்து வகுப்பு வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார்.

டாக்டர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அந்த அம்மா அன்றைக்கே பதில் சொல்லியிருந்தாள். அவனுக்கு இருந்தது இதேதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். சில வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நீண்ட முகம், முன்தள்ளிய பல். என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார் நல்லா இருக்கியளா” என்று விசாரித்தான்.

அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அடினாய்டு வளர்ச்சியைப் பற்றி கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர் 1868-லேயே எழுதிவிட்டார். லண்டனில் வில்லியம் ஹில் என்ற டாக்டர் 1889-ல், பிள்ளைகள் படிப்பில் மந்தமாக இருப்பதற்கு இந்த மூக்கடைப்பும் ஒரு காரணம் என்று மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். எனக்குச் செய்தி வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! 1998-ல் அமெரிக்காவில் டேவிட் கோசல் என்பவர், முதல் வகுப்பில் கடைசி நிலையில் இருந்த 297 பிள்ளைகளைச் சோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு. அதில் 24 பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வருஷம் அந்த 24 பேரின் மதிப்பெண் உயர்ந்தது, சிகிச்சை செய்துகொள்ளாதவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

இதற்காகக் குறட்டை விடுகிற பிள்ளைக்கெல்லாம் கத்தி வைக்க வேண்டியதில்லை. 2013-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் 464 பிள்ளைகள். அறுவை செய்தவர்களுக்குத் தூக்கமும் நடத்தையும் நன்றாகத் தேறின, ஆனால் கவனத்தை அளக்கிற சோதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. செய்யாமல் காத்திருந்தவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கச் சோதனை சரியாகிவிட்டது. எது எந்தப் பிள்ளைக்கு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். என் பேரனுக்கு முதலில் மூக்கில் அடிக்கிற மருந்துதான் கொடுத்தார்கள். போதவில்லை என்ற பிறகுதான் அறுவை. பிள்ளைக்கு வாயில் டேப் ஒட்டுங்கள் என்று யூடியூபில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. மூக்கடைத்த பிள்ளைக்கு இருக்கிற ஒரு வழியையும் அடைக்கிற வேலை அது. கைக்குழந்தை மூக்கில் எண்ணெய் விடுகிற நம் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் ஆபத்து. பிள்ளை படுக்கிற அறையில் சாம்பிராணிப் புகையும் கொசுவத்திச் சுருளும் வேண்டாம்.

2013 முதல் அரசாங்கத்தின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே டாக்டர்கள் வந்து பார்க்கிறார்கள். நல்ல திட்டம். 30 குறைபாடுகள் கொண்ட அந்தப் பட்டியலில் பல் உண்டு, காது உண்டு, கவனக்குறைவும் உண்டு. குறட்டை இல்லை. பகலில் வந்து பார்க்கிறவர்களுக்கு ராத்திரி நடப்பது எப்படித் தெரியும்? வீட்டில் கேட்டு வரச் சொல்லி ஒரு கேள்வியைச் சேர்த்தால் என்ன செலவு?

அதுவரை சாட்சி நாம்தான். பெற்றவர்கள் களைத்துத் தூங்கிவிடுகிறார்கள். நமக்கோ ரெண்டு மணிக்கு மேல் தூக்கம் வருவதில்லை. சளி இல்லாத நாளிலும் வாரத்தில் மூன்று ராத்திரிக்கு மேல் பிள்ளை குறட்டை விட்டால், மகளிடமோ மருமகளிடமோ சொல்லுங்கள். செல்போனில் ஒரு நிமிஷம் படம் பிடித்து வையுங்கள், டாக்டருக்கு அது உதவும். காசு பெரிதாக இல்லாதவர்களுக்கு ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலும் இதற்கான பிரிவு இருக்கிறது.

பேரன் இன்னமும் பென்சிலைக் கடிக்கிறான். கிள்ளுகிற புகார் குறைந்துவிட்டது, பாய் நனைவதில்லை. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த சில நாளில், நடுராத்திரி வீட்டம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். “ஏங்க, பிள்ளகிட்ட சத்தமே இல்ல, பாருங்க” என்றாள். அவள் விரல் அவன் மூக்கடியில் இருந்தது. நானும் என் விரலை வைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.