கையில் நிலமில்லாமல் பட்டணம் போனவர்கள்

"தோட்டத்துல என்ன இருக்கு? பட்டணத்துக்குப் போனா பொழச்சுக்கலாம்." லயத்து வாசலில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் யார்?

உலகமெங்கும் இதே பேச்சுதான். கனடாவில் 1931-ல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் விவசாயக் குடும்பத்தவர். 2021-ல் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. டிராக்டர் வந்தது, சிறு பண்ணைகள் பெரிய பண்ணைகளோடு சேர்ந்தன, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். நம் நிலையும் அதுதான். தீபகற்ப மலேசியாவின் இந்தியர்களில் 1970-ல் மூன்றில் ஒரு பங்கினர்தான் நகரவாசிகள். 2000-ல் நாடு முழுவதும் ஐந்தில் நான்கு பங்கினர்.

ஆனால் பாருங்கள், அங்கே புல்வெளி மாநிலங்களில் குடியேறிய விவசாயிக்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் கிடைத்தது. (அது ஆதிகுடிகளின் மண் என்பது தனிக்கதை.) 1930-களின் வறட்சியில் வெறுங்கையோடு ஓடியவர்கள் உண்டு, என்றாலும் பலர் நிலத்தை விற்றுத்தான் நகரத்தில் கால் ஊன்றினார்கள். நம்மவர் எதை விற்பது? மூன்று தலைமுறை பால்மரம் வெட்டினாலும் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது.

இதை அன்றே உணர்ந்தவர் துன் சம்பந்தன். துண்டாடலில் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், 1960-ல், தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கியதுதான். அந்த வழியில் எல்லாரும் வந்திருந்தால்!

நம் நெகிரி செம்பிலானில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு அத்தனை ஆள் தேவையில்லை. பிறகு அந்த மண்ணே வீட்டு மனையாயிற்று. நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. லாபுவில் 2009 தொடக்கத்தில் விமான நிலையம் கட்டப் பேச்சு எழுந்து, சில வாரங்களில் அடங்கியது. 2018-ல் அறிவிக்கப்பட்ட மலேசியா விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களைத் தழுவியது. நம் தமிழ்ப்பள்ளிகள் சில பட்டணத்துக்கு மாறியும் பெயரில் இன்னும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே வேலை செய்தவனுக்கு அந்த ஒட்டும் இல்லை.

நிலம் விலை பேசப்படும் முன்பே மாற்று வீட்டைக் கேட்க வேண்டும். பேரம் முடிந்தபின் கேட்டால் நஷ்டஈடு என்று ஒரு தொகையைக் கையில் வைத்து அனுப்பிவிடுவார்கள். அது இரண்டு வருஷ வாடகைக்கே காணாது. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஊழியர் சேமநிதியில் வீடு வாங்கப் பணம் எடுக்க வழி உண்டு. ஐம்பது வயதில் வங்கிக்குப் போனால், "எத்தனை வருஷத்துல கட்டி முடிப்பே?" என்பதுதான் முதல் கேள்வி. முப்பதிலேயே போய்க் கேளுங்கள்.